ஒத்தை டிக்கெட்காரர்

எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு, ஸ்லீப்பர் பெட்டியில் ஒருவர் எல்லாருடைய மூட்டைகளையும் சீட்டுக்கடியில் தள்ளி ஒழுங்கு பண்ணிக்கொண்டிருப்பார். ஏதோ கல்யாணக் கோஷ்டியின் தலைவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் தனியாக வந்தவர். அந்த மூட்டைகளில் ஒன்றுகூட அவருடையதில்லை. தோளில் தொங்கும் ரெக்சின் பை மட்டும்தான் சொந்தம். அதில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு பெரிய பொட்டலம் முறுக்கு. முறுக்கு அவர் தின்பதற்கல்ல. எதிர் சீட்டுக் குழந்தைக்கு நீட்டிப் பேச்சைத் தொடங்குவதற்கு.

ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும், பென்ஷன் வரும், முழங்கால் இன்னும் சொன்னபடி கேட்கும். "சும்மா தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்" என்று அடிக்கடி கிளம்பிவிடுவார். கேட்கிறவர்கள், மனிதருக்கு வைராக்கியம் வந்துவிட்டது, ஏகாந்தம் தேடுகிறார் என்று நினைப்பார்கள். வீட்டம்மா மட்டும் சிரித்துக்கொண்டே பைக்கு ஜிப் போட்டுவிடுவார்.

குடும்பத்தோடு போனால் இவர் யாரிடம் பேசுவது? ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்த கதையை மனைவி முப்பது வருஷமாகக் கேட்டாயிற்று. "அப்பா, இது போன தீபாவளிக்கே சொன்னீங்க" என்பான் மகன். இதிலும் பெரிய சங்கடம் ஒன்று: குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் வெளியாள் யாரும் வாய் கொடுப்பதில்லை. ஒத்தையாய் உட்கார்ந்திருப்பவரிடம், "சார் மதுரையா, அதுக்கு அங்கிட்டா?" என்று கேட்காமல் நம்மவர்களால் செங்கல்பட்டைத் தாண்ட முடியாது.

ரயில்வேயும் இவர் கட்சிதான். அறுபது முடிந்த ஆண், தனியாகவோ இரண்டு பேராகவோ டிக்கெட் போட்டால் கீழ் பெர்த்துக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பெண்களுக்கு 45 வயதே போதும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை போனதும் அவருக்கு லாபம்தான். 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி இருந்தது. வண்டி தாம்பரம் வருவதற்குள், "கன்செஷனத் தூக்கிட்டானே பாத்தீங்களா?" என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போடுவார். இதற்கு மாற்றுக் கருத்துள்ள பயணி இதுவரை ஏறியதில்லை. அரசியல், மதம், கிரிக்கெட் எதுவும் சேர்த்துவைக்க முடியாத எட்டுப் பேரை இந்த ஒரு வயிற்றெரிச்சல் சேர்த்துவிடும்.

அடுத்த காட்சி பெர்த் தானம்.

"ஆச்சி, ஒங்களுக்கு எங்க போட்டிருக்கான்?"

"நடுவுல போட்டிருக்கான்யா. முட்டி மடங்கவே மாட்டேங்கு."

"என் கீழ் பெர்த்த எடுத்துக்கிடுங்க. நான் ஏறிக்கிடுதேன்."

கர்ணன் கெட்டான். ஆனால் கணக்கில்லாத தானம் இல்லை இது. பெர்த்தைக் கொடுத்தவரை எழுந்திரு என்று யார் சொல்வது? அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். செங்கல்பட்டு தாண்டுவதற்குள், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாலு வாழையிலையோடு மடிக்கு வந்துவிடும். "வேண்டாம்மா, நான் சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்று ஒருமுறை சொல்வார். இரண்டாம் முறை யாராவது கேட்கும்வரை காத்திருக்க மாட்டார். விழுப்புரம் வருமுன் ஆச்சியின் சர்க்கரை அளவு, பேத்தியின் படிப்பு, பேத்திக்குப் பார்க்கும் மாப்பிள்ளையின் சம்பளம் எல்லாம் அவர் கைக்கு வந்திருக்கும். அவருடைய போனில் 'எஸ்6 தென்காசி டீச்சர்', 'ஜன்னலோரக் கோவில்பட்டி', 'மேல் பெர்த் மிலிட்டரி' என்று நம்பர்கள் கிடக்கின்றன. டீச்சர் மகனுக்கு இந்தப் பேத்தி பொருந்துமா என்று அங்கேயே ஒரு போன் பறக்கும்.

இடையில், காலையில் ஆபீஸ் போகவேண்டிய பையன் ஒருவன் தூங்கப் பார்த்து, நடு பெர்த்தின் சங்கிலியில் கை வைப்பான்.

"தம்பி, பத்து மணிக்கு முன்னாடி அதைத் தூக்கக் கூடாது. ரூல் இருக்கு."

இருக்கத்தான் இருக்கிறது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரைதான் படுக்கிற நேரம். மனிதர்கள் தூங்கட்டும் என்று போட்ட விதியை, பத்துவரை பேசுவதற்கான லைசென்ஸாகப் படித்தவர் இவர் ஒருவர்தான்.

மகன் பாசத்தில் ஒருமுறை செகண்ட் ஏசி போட்டுக் கொடுத்தான். ஏறியதும் எல்லாரும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். இரவெல்லாம் துணியைப் பார்த்துக்கொண்டு வந்தவர், "இதுக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்கலாம், பாக்கவாவது நாலு பேரு வருவாங்க" என்றார்.

ரயிலுக்கு வெளியேயும் இதே கதைதான். திருமலையில் ஒத்தை ஆளாகப் போய் அறை கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. நீங்களும் நானும் நொந்துபோவோம். இவரோ, லாக்கரை வாங்கிக்கொண்டு யாத்ரீகர் கூடத்தில் துண்டை விரிப்பார்; அக்கம்பக்கத்தில் நூறு பேர், வாடகையும் இல்லை. அதைவிட விசேஷம் வைகுண்டம் க்யூ வளாகம். உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிவிடுவார்கள். மணிக்கணக்கில் யாரும் எழுந்து போக முடியாது. ராமநாதபுரம் மாற்றல் கதை முதலிலிருந்து கடைசிவரை தங்குதடையின்றி அரங்கேறுவது அங்கேதான். கதவைத் திறக்கும்போது, தரிசனத்துக்காக அவ்வளவு வேகமாக ஜனங்கள் ஓடுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

அவருடைய லட்சியம் விவேக் எக்ஸ்பிரஸ். 2011இல் விட்ட வண்டி. கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ரூகர் வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கும் கூடுதலான பயணம். இந்தி தெரியாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பையன்கள் நிறைந்த வண்டி அது, அவன்களுக்கு நம்மைவிட நல்ல தமிழ் வரும் என்பார். பிரம்மபுத்திராவைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இவருக்கு ஒரே கண்டம், இவரைப் போலவே இன்னொருவர் எதிர் சீட்டில் அமைவது. போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. அந்த ஆளும் ஒத்தை டிக்கெட், அந்தப் பையிலும் முறுக்கு. இவர் கன்செஷனை எடுப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார். இவர் வாயைத் திறக்குமுன் ஆச்சிக்கு அவருடைய பெர்த் போய்விட்டது. இட்லியும் அந்த மடிக்கே போயிற்று. விருத்தாசலம்வரை அவருடைய சிவகங்கை மாற்றல் கதைக்கு இவர் 'உம்' கொட்டினார்.

காலையில் திருநெல்வேலி பிளாட்பாரத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போன் போட்டார். "ஒரு ஆளு வந்தான் பாரு, ராத்திரி பூரா வாயே மூடல. மனுசன் தனியாப் போறதே ஒரு நிம்மதிக்குத்தானே?"

"அவரு நம்பரு இருந்தா குடுங்க," என்றார் வீட்டம்மா. "அவரு வீட்டம்மாகிட்ட நான் கொஞ்சம் பேசணும்."