அம்மை தெரியாத மெர்லோவும் எல்லைக்கோட்டுப் பனையும்

1956 பொல்லாத ஆண்டு. பிப்ரவரியில் பிரான்சின் போர்தோ பக்கம் உறைபனி விழுந்து மெர்லோ என்ற வைன் திராட்சைக் கொடிகள் தோட்டம் தோட்டமாகச் செத்தன. நவம்பர் 1ஆம் தேதி எங்கள் தலையில் விழுந்தது வேறு சாமான், ராஜ்ய எல்லைக்கோடு: விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துக்கு, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கு. களியக்காவிளை அங்கிட்டு, காரோடு இங்கிட்டு. அன்றிலிருந்து மெர்லோ எங்களுக்குச் சொந்தம். அதற்குத்தான் விஷயம் தெரியாது.

சொந்தமென்றால் குடும்பக்கதை வேண்டாமா? மெர்லோவின் அப்பன் கபெர்னே ஃப்ராங். அம்மை யாரென்று வெகுகாலம் ஒருத்தருக்கும் தெரியாது. பிரான்சின் ஷாராந்த் கிராமங்களில் வீட்டு வாசல்களில் சும்மா படர்ந்து கிடந்த ஒரு கொடிதான் அந்த அம்மை என்று 2009ல் மரபணுவை வைத்துச் சொன்னார்கள். அதே அப்பனுக்கு இன்னொரு தாரத்தில் பிறந்தவன்தான் பேர்போன கபெர்னே சோவினியோன். அவனைத் தனியாக வாயில் விட்டால் பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல நாக்கைப் பிடித்து இழுப்பான். மெர்லோவோ பிளம்பழ வாசமும் வழுவழுப்புமாக, சண்டை போடாமல் தொண்டையில் இறங்குகிறவன். போர்தோவில் முரடனைப் பதப்படுத்த இவனைத்தான் கலக்கிறார்கள். பேர் மட்டும் முரடனுக்கு.

நம்மவர்களுக்கு வைன் புதிதல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் தர, குடித்துச் சுகமாக இரு என்று பாண்டியன் நன்மாறனிடம் நக்கீரர் சொல்கிறார். புலவர் அரசனுக்குச் சொன்ன யோசனைகளில் உருப்படியானது. அது மெர்லோ இல்லை. இவன் பேர் ஏட்டில் ஏறியதே 1784ல்தான். அரிக்கமேட்டில் 1945ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமாபுரிச் சாடிகளின் உடைசல் கிடைத்தது. குடித்துவிட்டுக் காலியைக் கடற்கரையில் போடும் பழக்கத்துக்கு வயசு 2000.

மெர்லோவுக்குத் தோல் மெல்லிசு. மழை பிடித்தால் அழுகும். அதனால் 1970 முதல் 1975 வரை போர்தோவில் புதிதாக நடக்கூடாது என்று தடை போட்டார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டில் கருணாநிதி 1971ல் மதுவிலக்கைத் தள்ளிவைத்து, 1974ல் திரும்ப எடுத்துவந்தார். இடையில் அது தளர, 1987ல் கள்ளுக்கு மறுபடியும் தடை வந்தது. கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. ஆக எல்லைக்கோட்டில் நிற்கும் பனை கிழக்கே சாய்ந்தால் குற்றவாளி, மேற்கே சாய்ந்தால் குடிமகன்.

மெர்லோவுக்கு இன்னொரு அவமானம் 2004ல். ‘சைட்வேஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் நாயகன், யாராவது மெர்லோ ஆர்டர் பண்ணினால் எழுந்து போய்விடுவேன் என்று குதித்தான். அமெரிக்காவில் விற்பனை கொஞ்சம் அடிவாங்கியது. அந்த மேதாவி உயிராகப் பொத்திவைத்திருந்த 1961ஆம் வருஷத்து ஷெவால் பிளாங் பாட்டிலுக்குள் இருந்தது யார்? கபெர்னே ஃப்ராங்கும் மெர்லோவும். அப்பனும் பிள்ளையும்!

இங்கே கிறிஸ்துமஸ் வைனுக்கு நாங்கள் நம்புவது கம்பத்துப் பன்னீர்த் திராட்சையைத்தான். அந்தக் கொடியை 1832ல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது கம்பத்துக் கதை. அவ்வளவு தூரம் வந்தவர் மெர்லோவில் ஒரு குச்சியைக் கக்கத்தில் இடுக்கிவந்திருக்கக் கூடாதா? திராட்சை, சீனி, கிராம்பு, பட்டை, ஒருபிடி கோதுமை எல்லாம் பரணியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பாள் பெரியம்மை.

போன வருஷம் வளைகுடாவிலிருந்து வந்த மருமகன் ஒரு மெர்லோ பாட்டிலைத் திறந்து, சுழற்றி, மோந்து, பிரசங்கம் செய்து, பெரியம்மைக்குக் கால் டம்ளர் ஊற்றினான். மெதுவாகக் குடித்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

“கொள்ளாம் மக்கா. கிராம்பு போட மறந்துட்டானுவோ.”