ஐயா, இந்தப் பூட்டு எத்தனை நிமிடம் தாங்கும்?

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புது தில்லி.

அனுப்புநர்: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு கதவும், அதில் மலிவு விலைப் பூட்டு ஒன்றும் வைத்திருப்பவன்.

பொருள்: பூட்டின் பெட்டியில் நிமிடக் கணக்கை அச்சிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டுக் கதவுக்கு உங்கள் அமைவனம் செய்திருக்கும் தொண்டு கொஞ்சமல்ல. தொங்கு பூட்டுக்கு ஐ.எஸ். 275. கதவுக்குள் பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டுக்கு ஐ.எஸ். 2209. பூட்டை மாட்டும் அல்ட்ராப்புக்கு 281, கீலுக்கு 1341, அந்தக் கீலை முடுக்கும் மரத் திருகாணிக்கு 6760. கதவைச் சுற்றி இத்தனை எண்கள் காவல் நிற்கும்போது, இன்னும் ஒரே ஓர் எண் கேட்பது பேராசையாகாது என்று நம்புகிறேன். என் பூட்டைக் கள்ளச்சாவிக்காரன் எத்தனை நிமிடத்தில் திறப்பான்?

கடைக்காரரிடம் இதைக் கேட்டேன். பூட்டை என் உள்ளங்கையில் வைத்து, “வெயிட்டைப் பாருங்க சார்” என்றார். பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. திருடன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடப் போவதில்லையே என்றதற்கு, பெட்டியைத் திருப்பிக் காட்டினார். ‘பிக் புரூஃப்’ என்று போட்டிருந்தது. யார் திறந்து பார்த்து, முடியாமல் தோற்று, இதை எழுதிக்கொடுத்தார் என்பது மட்டும் பெட்டியில் இல்லை. ‘ஏழு லீவர்’ என்றும் இருந்தது. ஏழு லீவரும் ஏழு உயரத்துக்கு எழும்பினால்தான் ஏழு. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டிப் போட்டிருந்தால் அது ஒரு லீவர், மீதி ஆறும் எடைக்கு. இது திண்டுக்கல்லில் லீவரைக் கையால் அராவுகிற பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து எந்திரத்தில் செய்து வரும் பூட்டோடு விலையில் அவர்களால் மல்லுக்கட்ட முடியவில்லை. எங்கள் தெருவுக்கும் அலிகார் சரக்குதான் வருகிறது.

மலிவு உருளைப் பூட்டின் சங்கதி இன்னும் சுவையானது. சாவி நுழையும் உருளைக்கு மேல் வரிசையாகச் சின்னப் பித்தளை முளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி எல்லா முளைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர, உருளை சுற்றும். துளைகள் இம்மி பிசகாமல் ஒரே வரிசையில் இருந்தால் கள்ளக் கம்பிக்குப் பாடு அதிகம். மலிவில் அப்படி இருக்காது, ஆளுக்கொரு பக்கம் விலகி நிற்கும். உருளையை லேசாக முறுக்கிப் பிடித்தால் முதலில் ஒரு முளை மட்டும் இறுகும். அதைத் தூக்கிவிட்டால் அடுத்தது இறுகும், பிறகு அதற்கடுத்தது. எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து தலைவணங்கிவிட்டுப் போகும். முளையை உடுக்கை போல இடுப்பு ஒடுக்கிக் கடைந்துவிட்டால் கம்பிக்காரர் பாதியில் ஏமாறுவார். ஆகும் செலவு சொற்பம். அதை மிச்சம் பிடித்துத்தான் பெட்டிக்கு நான்கு கலர் அச்சு.

வாங்குபவர் பார்க்கக்கூடியவையும் சில உண்டு. சாவியின் பற்கள் மேடு பள்ளமில்லாமல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் அந்தப் பூட்டு எந்தக் கம்பிக்கும் இரங்கும். சாவியை உள்ளே விட்டு ஆட்டினால் உருளை லொடலொடவென்று ஆடக் கூடாது. பாதி வெளியே இழுத்த சாவிக்குப் பூட்டு திரும்பவும் கூடாது. ஒரே ரகத்தில் இரண்டு வாங்கிச் சாவியை மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் நல்லது. எங்கள் கேட்டைப் பக்கத்து வீட்டுச் சாவி திறக்கிறது. உறவு சுமுகமாக இருப்பதால் இதுவரை புகார் இல்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பூட்டு முதலில் எதிர்ப்பது திருடனை அல்ல, சொந்தக்காரரை. கடல் காற்று பட்டு இரண்டு மழைக்காலம் போனால் உள்ளே துருப் பூத்துவிடும். நாங்கள் தேங்காய் எண்ணெய் விடுவோம். அது தூசியைப் பிடித்துப் பசையாகி நிற்கும். பென்சில் கரித்தூள் போட வேண்டும் என்று யாரும் பெட்டியில் எழுதுவதில்லை.

நிமிடக் கணக்குக்குத் திரும்புகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது போலீசாருக்குச் சிவப்புத் தொப்பியை விட்டுப்போனார்கள். அவர்கள் ஊரில் பூட்டுக்கு ‘ஏ2பி’ முத்திரை பிறகுதான் வந்தது, ஆகவே அதை விட்டுப்போகவில்லை என்று குறை சொல்ல முடியாது. அதில் ஒரு நட்சத்திரம் வாங்க, ஆய்வகத்தில் கருவியோடு வரும் ஆளைப் பூட்டு 5 நிமிடம் தடுக்க வேண்டும். இரண்டுக்கு 10, மூன்றுக்கு 15. இங்கே ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திரம் உண்டு, ஃபேனுக்கு உண்டு. அவற்றை வைத்திருக்கும் வீட்டின் பூட்டில்தான் காணோம்.

(எங்களை ஆண்ட 16ஆம் லூயிக்குப் பூட்டு செய்வதுதான் பொழுதுபோக்கு. அவரோடு பட்டறையில் நின்ற பூட்டுக்காரர் கமேன், 1792 நவம்பரில், அரண்மனைச் சுவருக்குள் மறைத்த இரும்புப் பெட்டியைப் புரட்சி அரசுக்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் அரசரின் தலை போயிற்று. கூட இருப்பவர் காட்டிக்கொடுப்பதையும் தரத்தில் சேர்க்கச் சொல்லி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.)

பூட்டைத் திறந்து பார்த்துச் சோதிப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், பேர்பெற்ற ‘சப்’ கம்பெனிப் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். ‘பிராமா’ பூட்டுக் கம்பெனியின் கடை ஜன்னலில், திறப்பவருக்கு 200 கினி என்ற சவாலோடு பல பத்தாண்டுகளாக இருந்த பூட்டையும் திறந்தார்; அதற்கு 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. தோற்றாலும் அந்தப் பூட்டுக்கு ஓர் எண் கிடைத்தது. மானக் பவன் வாசலிலும் ஒரு ஜன்னல் இருக்குமே.

பரிசோதகருக்கு நீங்கள் விளம்பரம் கொடுக்க வேண்டியதில்லை. ஞாயிறு சந்தையன்று காந்தி வீதியில் சாவி வளையத்தோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். காற்றுக்கு என் கதவு சாத்திக்கொண்ட அன்று வந்தார். எதிர்க்கடையில் வாங்கிய டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டார். “இதுக்குப் போயி காசு வாங்கவே கூச்சமா இருக்கு சார்” என்று சொல்லிக்கொண்டே முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பெரும்பாலான திருடர்கள் கம்பியோடு மெனக்கெடுவதில்லை, கடப்பாரைதான் என்று உங்கள் பொறியாளர்கள் பதில் எழுதக்கூடும். உண்மை. ஆனால் உடைத்த பூட்டு தரையில் கிடக்கும். வந்தது வெளியாள் என்று அதுவே சாட்சி சொல்லும். ஓசையில்லாமல் திறந்த பூட்டு திரும்பவும் சமர்த்தாகத் தொங்கும். அப்போது விசாரிக்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, “வீட்டு வேலைக்கு யார் வர்றாங்க?” என்பதுதான். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா ஸ்டேஷன் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். பூட்டுக் கம்பெனியிலிருந்து யாரும் வந்து பக்கத்தில் உட்கார மாட்டார்கள். ‘இந்தப் பூட்டு இரண்டு நிமிடம்’ என்று பெட்டியில் இருந்தால், அந்தப் பெட்டியையாவது அவர் எடுத்து நீட்டலாம்.

ஆகவே அந்த ஓர் எண்ணை அச்சிட ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பூட்டிய வீட்டுக்காரன்

இணைப்பு: பூட்டு ஒன்று, சாவி இல்லாமல். உங்கள் அலுவலகத்தில் யாராவது திறந்தால், பிடித்த நேரத்தைக் குறித்துத் திருப்பி அனுப்பவும்.