ஹெச்.ஆருக்குப் பௌர்ணமி தெரியாது

"நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு இன்டர்வியூவுக்கு நேர்ல வந்துடுங்க மேம்" என்று ஹெச்.ஆர். பெண் தேனாகத்தான் பேசினார். நாளைக்குப் பௌர்ணமி என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. பௌர்ணமி என்றால் என் மாமியார் திருவண்ணாமலையில் இருப்பார். முட்டிவலியால் எங்கள் வீட்டு மாடிப்படியை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், அங்கே பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுவார். அண்ணாமலையார் அருள், நான் குறுக்கே பேசக்கூடாது.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கலாம். ஆனால் ரயில்வேயின் தட்கல்கூட ஒரு நாள் முன்னால் திறக்கிறது, ஹெச்.ஆர். அந்தக் கருணையையும் காட்டுவதில்லை.

கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. அதாவது உடம்பு மட்டும் வீட்டில், மற்றதெல்லாம் ஹெட்போனுக்குள். "நீ தைரியமா போயிட்டு வா, அவன் தூங்கினா நான் பாத்துக்கறேன்" என்றார். தூங்குகிற பிள்ளையை மின்விசிறிகூடப் பார்த்துக்கொள்ளும்.

தெருமுனை அங்கன்வாடியில் விசாரித்தேன். சத்துமாவு, முட்டை எல்லாம் உண்டு, கட்டணம் கிடையாது. "ரெண்டு வயசு முடியட்டும்மா" என்றார் டீச்சர். என் பிள்ளைக்கு ஒன்றே முக்கால். அடுத்த தெரு டே கேரிலோ ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். அட்மிஷன் போட்டு, பிள்ளை செட்டில் ஆகும்வரை ஒரு வாரம் நானும் கூடவே உட்கார வேண்டுமாம். ஒரு வாரம் உட்கார முடிந்தால் நான் எதற்கு டே கேர் தேடுகிறேன்?

கடைசியில் எதிர்வீட்டு அக்கா கைகொடுத்தார். பருப்பு சாதம் ஒரு டப்பா, ரசம் சாதம் ஒரு டப்பா, இரண்டையும் துப்பினால் பிஸ்கட், அதையும் துப்பினால் போன். இத்தனையும் ஒப்பித்துவிட்டு, நான் செருப்பு மாட்டுவது தெரியாமலிருக்க அக்கா அவனுக்குக் காக்கா காட்ட, திருடியைப் போல லிஃப்டுக்குள் நுழைந்தேன்.

சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் எதிரே மூன்று பேர். ஜாவா, டேட்டாபேஸ் எல்லாம் சுமுகமாகப் போனது. அப்புறம் நடுவில் இருந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குழந்தை இருக்குன்னு சொன்னீங்க. யார் பாத்துப்பாங்க?" என்றார்.

என் கணவரும் கம்பெனி கம்பெனியாக மாறியவர்தான். இந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "வைஃபைக் கேட்டுச் சொல்றேன் சார்" என்றிருப்பார்.

நானும் பதிலுக்கு ஒன்று கேட்டு வைத்தேன். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே மகப்பேறு நலச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் அதில் இருக்கிறது. "இங்க க்ரெச் எந்த மாடியில சார்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டேபிள் டென்னிஸ் இருக்கு மேம்" என்றார் ஓரத்தில் இருந்த இளைஞர். நல்ல பிள்ளை. நாளுக்கு நான்கு முறை டேபிள் டென்னிஸைப் பார்த்து வரலாம்.

அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது. எதிர்வீட்டு அக்கா. "எடுங்க, எடுங்க" என்றார் நடுவில் இருந்தவர். எடுத்தேன். அக்காவுக்குப் போனில் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. "ஏம்மா, புள்ள கக்கா போயிட்டான்! டயப்பர் எந்தப் பையில வெச்ச?"

நான் பதில் சொல்வதற்குள் நடுவில் இருந்தவர் முந்திக்கொண்டார். "சைடு ஜிப்ல பாக்கச் சொல்லுங்க. எங்க வீட்ல அங்கதான் இருக்கும்."

அங்கேதான் இருந்தது. அதன் பிறகு பிள்ளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நேரே சம்பளத்துக்குப் போய்விட்டார்கள்.