மண்டை விளக்குக்கு முன்னால்

ஏனாத்தூரில் ஒருவனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது அவனுடைய சொந்த விஷயம் அல்ல. டீக்கடைக்காரர் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்வார். எதிர்வீட்டு அத்தை கண்ணேறு என்பார். தறிக்குழியில் இருக்கும் சித்தப்பா நாடாவை நிறுத்தாமலே, "வேலை பத்தலை, அதான்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். முறையான சிகிச்சைத் திட்டம் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. கார்த்திகை ஞாயிறு அன்று காஞ்சிபுரம் கச்சபேஸ்வரர் கோயிலில் மண்டை விளக்கு. மண்சட்டியில் மாவிளக்கேற்றித் தலையில் சுமந்து பிரகாரம் சுற்றினால் தலை சம்பந்தமான கோளாறெல்லாம் தீரும் என்பது நம்பிக்கை. எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அப்போது ஆனி மாதம். கார்த்திகை வரை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கேஸை மூடினோமா என்று பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா?

மனநல மருத்துவரைப் பார்க்கப்போகிறேன் என்றதும் சித்தப்பா நாடாவை நிறுத்தினார். "கீழ்ப்பாக்கமா?" 1794இல் மதராஸில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மனநல மருத்துவமனை அது. எத்தனையோ தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த இடம். கைம்மாறாக நாம் அதன் ஊர்ப்பெயரையே வசவாக்கிவிட்டோம்.

யாரைப் பார்ப்பது என்று கேட்க 14416க்குப் போன் செய்தேன். 2022 அக்டோபரில் வந்த டெலி மனாஸ் தொலைபேசி மனநலச் சேவை. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து அதற்கு மேலும் படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார், நம்மைப் பேசவைப்பார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று அவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. ஜரிகையைச் சுரண்டிப் பார்த்துத்தானே புடவை வாங்குகிறோம்!

மருத்துவமனையில் காத்திருக்கும் இடத்தில் ஒன்றுவிட்ட பெரியப்பா உட்கார்ந்திருந்தார். "தோல் டாக்டரைப் பார்க்க வந்தேன்" என்றார். நானும் அதற்குத்தான் என்றேன். தோல் பிரிவு அடுத்த கட்டடத்தில் இருப்பது இருவருக்கும் தெரியும்.

உள்ளே சாய்வு சோபா இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது உளப்பகுப்பாய்வின் தந்தை ஃப்ராய்டால் வந்த வினை. 1890 வாக்கில் ஒரு நோயாளி அவருக்குப் பரிசாகக் கொடுத்த சோபா இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் நாற்காலி. உளவியலாளர் அம்மா முதலில் கேள்விகளாகவே கேட்டார். தூக்கம், பசி, குடி, சாப்பிடும் மருந்து, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா. செத்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா என்றும் நேராகவே கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதானாம். பதறவேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும்.

சொல்லச் சொல்ல நோட்டில் குறித்துக்கொண்டார். காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு இதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தானே செய்யும்? ஆனால் சித்திரகுப்தர் எழுதுவது எமனுக்குப் போகும். இந்த நோட்டை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி என் அம்மாவுக்குக்கூடக் காட்டக்கூடாது. உயிராபத்து போன்ற சில நிலைகளுக்குத்தான் விலக்கு. எமன் பரவாயில்லை, அம்மாவை நினைத்துத்தான் கவலையாக இருந்தது.

நான் சொல்லி முடித்தேன். அவர் பேசவில்லை. எங்கள் தெருவாக இருந்தால் அந்த இடைவெளியில் நாலு பேர் புகுந்து யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஃபேன் மட்டும் சுற்றியது. பொறுக்கமுடியாமல் நானே மறுபடி ஆரம்பித்தேன். கேஸ் சிலிண்டரில் தொடங்கியவன், அப்பா தறியை விற்ற வருஷத்தில் போய் நின்றேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, அப்போது என்ன நினைப்பு ஓடுகிறது என்று எழுதிவரச் சொன்னார். அடுத்த வாரம் பேசலாமாம். சீரகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. கேட்டுக்கிட்டாங்க."

"அவ்வளவு நேரமுமா? குறுக்கே பேசாமலா?"

"ஆமா."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கேட்டார்:

"அடுத்த வாரம் எத்தனை மணிக்குடா கிளம்பற? உங்க அத்தையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்."