பாலத்தோடு பகைத்த கப்பல்

எங்காவது போய்ச் சேரவேண்டும் என்று 'அட்மிரல்' கப்பலில் யாரும் ஏறியதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில், மிசிசிப்பி ஆற்றில் ஓடிய உல்லாசக் கப்பல் அது. ஏற்றிய துறையிலேயே திரும்ப இறக்கிவிடும். நடுவில் கொஞ்சம் ஆறு, கொஞ்சம் பாட்டு, நிறைய ஆட்டம். இதற்குக் காசு கொடுத்து ஒரே சமயத்தில் 4,400 பேர் வருவார்கள் என்று நம்பி, ஒரு குடும்பம் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஆற்றில் போட்டது. ஜனங்களும் வந்தார்கள்.

பிறந்தபோது இந்தச் சொகுசெல்லாம் கிடையாது. 1907ல் அயோவா மாநிலத்து டுபியூக் நகரில் கட்டியபோது பெயர் 'ஆல்பட்ராஸ்'. பெருங்கடல்களைத் தாண்டிப் பறக்கும் பறவையின் பெயர். பார்த்த வேலையோ விக்ஸ்பர்க் ஊரில் ரயில் பெட்டிகளைச் சுமந்து அக்கரை சேர்ப்பது. அங்கே பாலம் இல்லை. ரயில் வந்து ஆற்றைப் பார்த்து முழித்துக்கொண்டு நிற்கும். ஆல்பட்ராஸ் பெட்டிகளை வாங்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும். 1930ல் பாலம் கட்டிவிட்டார்கள். வேலை போயிற்று. கப்பலுக்கும் பாலத்துக்கும் பகை மூண்டது அன்றுதான்.

வேலையிழந்த அந்த முரட்டு உடம்பை வாங்கியவர்கள் ஸ்ட்ரெக்ஃபஸ் குடும்பத்தார். அப்பாவும் பிள்ளைகளுமாக ஆற்று உல்லாசத்தையே தொழிலாக நடத்தியவர்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் இளவயதில் கார்னெட் ஊதிச் சம்பளம் வாங்கியது இவர்களுடைய கப்பல்களில்தான். ஆனால் ஊதுகிறவர் கறுப்பராக இருக்கலாம், டிக்கெட் வாங்கி ஆடுகிறவர் இருக்கக்கூடாது. அந்தக் காலத்தில் செயின்ட் லூயிஸில் கறுப்பர்களுக்கென்று இந்தக் கம்பெனி ஒதுக்கியது திங்கட்கிழமை இரவு மட்டும். இசைக்கு நிறம் கிடையாது என்ற தத்துவம் வாரத்தில் ஒரு ராத்திரி அமலில் இருந்தது.

1938ல் ஆல்பட்ராஸைப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். புது உருவம் கொடுக்கும் பொறுப்பு மேசி கிரெப்ஸ் என்ற பெண்ணுக்கு. அவர் அதற்கு முன்பு பெரிய ஜவுளி அங்காடியின் விளம்பரங்களுக்கு நாகரிக உடைகளைப் படம் வரைந்துகொண்டிருந்தவர். கப்பலுக்கும் அவர் செய்தது அதையேதான்: தைத்து உடுத்திவிட்டார். ஐந்து தளங்கள், வளைந்த முனைகள், மேலிருந்து கீழ்வரை வெள்ளி நிறம். ரயில் இன்ஜின் முதல் ரேடியோ பெட்டி வரை எல்லாமே காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கிற மாதிரி தெரியவேண்டும் என்பது அந்தப் பத்தாண்டின் பைத்தியம். போகவேண்டிய ஊரே இல்லாத கப்பலுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது.

பட்டுக்குள்ளே இருந்தது பழைய பாரவண்டிதான். 374 அடி நீளம், 92 அடி அகலம். பக்கத்துக்கு ஒன்றாகத் துடுப்புச் சக்கரங்கள், அவற்றைச் சுழற்ற நீராவி. ரயில் பெட்டியைத் தாங்கிய தளம், கால் மாற்றி ஆடுகிற ஜோடிகளையா தாங்காது? எஃகு அடிப்பாகத்தை, தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் புகாத 74 அறைகளாகத் தடுத்திருந்தார்கள். அவற்றில் 11 நிரம்பினாலும் மூழ்காது என்று பெருமை பேசினார்கள். நடன மண்டபத்தை ராசிச் சக்கரத்தின் உருவங்கள் அலங்கரித்தன. பொருத்தம் பார்த்தே ஜோடி சேர்ந்திருக்கலாம். அமெரிக்கர்களுக்கு அந்த யோசனை தோன்றவில்லை.

இத்தனை ஜோடனையிலும் என் ஓட்டு குளிர்சாதனத்துக்குத்தான். 1940ல் கப்பல் ஓட ஆரம்பித்தபோது இரண்டு தளங்களில் ஏ.சி. இருந்தது. செயின்ட் லூயிஸின் கோடை நம் சித்திரையோடு சண்டைக்கு நிற்கும் புழுக்கம். வீட்டில் ஏ.சி. என்பது அப்போது பெரும்பாலோருக்குக் கனவு. காதலியோடு நிலவொளியில் ஆற்றுலா போனதாக எத்தனையோ தாத்தாக்கள் உருகியிருப்பார்கள். தாத்தா உட்கார்ந்தது ஏ.சி. தளத்திலா, நிலவு தெரியும் மேல்தளத்திலா என்று பாட்டியைத்தான் கேட்கவேண்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே வண்டி ஓடியது. 1973ல் நீராவியையும் துடுப்புச் சக்கரங்களையும் எடுத்துவிட்டு டீசலுக்கு மாற்றினார்கள். 1979ல் கடலோரக் காவல்படை வந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தது. கடல் எங்கோ இருந்தாலும், அமெரிக்காவில் ஆற்றுக் கப்பலுக்கும் அவர்கள்தான் வைத்தியர். எஃகு தேய்ந்துவிட்டது, இனி ஆளை ஏற்றாதே என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது கப்பல் கதையே அல்ல, ரியல் எஸ்டேட் கதை. பிட்ஸ்பர்க்காரர் ஒருவர் வாங்கினார். பிறகு செயின்ட் லூயிஸ்காரர்களே திரும்ப வாங்கினார்கள். இன்ஜின் போயே போயிற்று. 1987ல் பெரும் செலவில் கேளிக்கை மையமாகத் திறந்து, அடுத்த வருஷமே மூடினார்கள். 1994ல் சூதாட்டக் கூடமாக அவதாரம். தரையில் சூதாடினால் பாவம், ஆற்றில் மிதந்துகொண்டு ஆடினால் மாநிலத்துக்கு வருமானம் என்பது மிசூரி மாநிலச் சட்டத்தின் தர்மம். மிதப்பதற்கு இன்ஜின் எதற்கு? கயிறு போதும்.

அந்தக் கயிற்றுக்கும் சோதனை வந்தது. அட்மிரலைக் கட்டிப்போட்ட இடத்துக்குச் சற்று மேலே ஈட்ஸ் பாலம். 1874ல் அதைத் திறந்தபோது ஜனங்கள் நம்பவில்லை என்று யானையை நடத்திக் காட்டினார்கள். 1998 ஏப்ரல் 4 இரவு, 'ஆன் ஹாலி' என்ற தள்ளுபடகு பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகள் 14-ஐத் தள்ளிக்கொண்டு எதிர்நீரில் வந்து அந்தப் பாலத்தின் தூணில் மோதியது. எட்டு பார்ஜ்கள் அறுத்துக்கொண்டு ஓடிவந்தன. மூன்று அட்மிரலில் இடித்தன. கயிறுகள் பெரும்பாலும் அறுந்து, சுமார் இரண்டாயிரம் பேரோடு கப்பல் கரையை விட்டு விலக ஆரம்பித்தது. பல வருஷம் கழித்து அது ஓட எத்தனித்த ஒரே பயணம், அதுவும் டிரைவர் இல்லாமல். மோதிய படகின் கேப்டனே மிச்ச பார்ஜ்களைக் கழற்றிவிட்டு வந்து, தன் படகை அட்மிரல்மேல் முட்டுக்கொடுத்துக் கரையோடு அழுத்திப் பிடித்தார். சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. பந்தயத்தில் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

2010ல் சூதாட்டமும் முடிந்தது. 2011ல் வெட்டி, பழைய இரும்பாகப் போட்டார்கள். ஈட்ஸ் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.