குறுக்குத்துறையும் ஒரு கேபிளும்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை இறங்கியது. நான் எடுத்த வெள்ளப் படங்களைக் கணினியில் இறக்க நாலு நாள் ஆயிற்று.

அதே மழையில் தாமிரபரணி, குறுக்குத்துறை முருகன் கோயிலை முக்கிப்போட்டதைப் படம் பிடித்து வந்து கேபிளைச் செருகினால், சார்ஜ் ஏறுகிறது, படம் இறங்கவில்லை. கணினியை அணைத்துப் போட்டேன். ஓட்டையை மாற்றினேன். ஊதினேன். கேமராவை லேசாகத் தட்டினேன். வால்வு ரேடியோ காலத்துப் பரம்பரைப் பழக்கம்.

தங்கை மகன் வந்தான். “மாமா, இது சார்ஜ் கேபிளு. உள்ள டேட்டா கம்பியே கெடயாது.”

கார்டைக் கழற்றி ரீடரில் போட்டான். படங்கள் வரிசையாக வந்தன. ‘இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா?’ என்று கணினி மரியாதையாகத்தான் கேட்டது. வந்த சந்தோஷத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டேன். கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-இல் தொடங்கும் என்று அவன் அப்புறம்தான் சொன்னான். நெல்லையப்பர் ஆனித் தேர் ஓடிய இடத்தில் இப்போது முழுக்கத் தண்ணீர்.

குறுக்குத்துறையில் வெள்ளம் வருமுன்பே உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.