பிட் துரை வைரம் வாங்கிய கதை

தாமஸ் பிட் மதராஸுக்கு கவர்னரான விதமே ஒரு ஜோக்! இங்கிலாந்துக்காரர்களின் இந்திய வியாபாரம் முழுக்க கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம் என்றிருந்த காலத்தில், லைசென்ஸே இல்லாமல் கப்பலில் வந்து தனி வியாபாரம் நடத்தி, கம்பெனியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் அவர். பிடித்தார்கள், வழக்குப் போட்டார்கள், 400 பவுன் அபராதம் தீட்டினார்கள். ஆசாமி அசரவில்லை. கட்டிவிட்டு, நிலம் வாங்கி, எம்.பி.யாகவும் ஆகிவிட்டார். இந்த ஆளை வெளியே விட்டுவைத்தால்தான் ஆபத்து என்று கம்பெனிக்குக் கடைசியில் புத்தி வந்தது. 1698-ல் புனித ஜார்ஜ் கோட்டையின் சாவியையே அவர் கையில் கொடுத்து அனுப்பியது.

இப்படிப்பட்டவரிடம்தான் 1701 டிசம்பரில் ஜாம்சந்த் என்ற வைர வியாபாரி வந்து சேர்ந்தார். மடியில் 410 காரட் கல். கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர் சுரங்கத்தில் எடுத்தது. கூடவே ஒரு செட்டியார். துரை தன் குறிப்பில் அவர் பெயரை 'வின்கட்டி சிட்டி' என்று எழுதியிருக்கிறார். வெங்கட்டச் செட்டியாராகத்தான் இருக்க வேண்டும், பாவம்.

ஜாம்சந்த் சொன்ன விலை 2 லட்சம் வராகன். கவர்னர் கேட்டது 30,000! கொஞ்சம் கூச்சமாவது வேண்டாமா? ரங்கநாதன் தெருவில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வையை யோசித்துப் பாருங்கள். ஜாம்சந்தும் கல்லை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஆனால் ஒன்று, வேண்டாம் என்று போகிறவன் திரும்பி வருவான் என்பது பேரத்தின் பால பாடம்.

வந்தார். மறுபடி மறுபடி வந்தார். 2 லட்சம் படிப்படியாகக் கரைந்தது. பிட் 45,000 வரை ஏறி, அதோடு நின்றுகொண்டார். 'சரி, நட்போடு பிரிவோம்' என்று ஜாம்சந்த் கிளம்பினார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், ஜாம்சந்தும் செட்டியாரும் வாசலில் நிற்பதாக வேலையாள் வந்து சொன்னான். உள்ளே வந்து கல்லின் அருமை பெருமைகளை இன்னொரு ரவுண்டு பாடினார்கள். 'யாருக்கோ கொடுப்பதைவிட உங்களுக்குக் கொடுப்பதில்தான் எனக்கு சந்தோஷம், 50,000 கொடுங்கள்' என்றார் ஜாம்சந்த். இந்த டயலாக் முந்நூறு வருஷப் பழசு என்பது அடுத்த முறை ஜவுளிக்கடையில் உங்களுக்கு ஞாபகம் வரட்டும்.

நடுவில் இருப்பது 5,000. ஆளுக்குப் பாதி என்று 47,500-க்குக் கேட்டார் பிட். ஜாம்சந்த் மறுத்து, எழுந்து கதவு வரை போனார். திரும்பினார். 49,000. பிட் அசையவில்லை. 48,000. 'இதற்குக் கீழே ஒரு வராகன்கூடக் குறைக்க மாட்டேன்' என்று சத்தியமே செய்துவிட்டார். கவர்னர் பெருமான் என்ன செய்தார்? பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருந்த பென்யன் என்பவரிடம் ஓடி ஆலோசனை கேட்டார். 47,500 பெறும் என்றால் 48,000-மும் பெறும்தானே என்று முடிவாயிற்று. உலகத்தின் மகா வைரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த ரத்தின சாஸ்திரம் இவ்வளவுதான்!

கல் வீட்டுக்கு வந்தது, தூக்கம் வீட்டை விட்டுப் போனது. 1702-ல் கர்நாடக நவாப் தாவூத் கான் பெரும்படையோடு வந்து மதராஸை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். முந்தைய வருஷம்தான் அவருக்கு தடபுடலாக விருந்து வைத்து, தண்ணியும் வார்த்து அனுப்பியிருந்தார் பிட். முற்றுகையும் கடைசியில் பணத்தில்தான் முடிந்தது. அக்டோபரில், மகன் ராபர்ட்டிடம் கல்லைக் கொடுத்துக் கப்பலேற்றிவிட்டார். ராபர்ட் அதைச் செருப்புக் குதிகாலில் ஒளித்துக்கொண்டு போனதாகக் கதை. அது நிஜமென்றால், அந்த ஆறு மாதமும் அந்தப் பையன் எப்படி நடந்திருப்பான்?

லண்டனில் அதைப் பட்டை தீட்ட இரண்டு வருஷம் பிடித்தது. 410 காரட், 140-ஆகச் சுருங்கியது. இங்கே ஒரு ஃபிளாஷ்பேக். முகலாய அரசவையில் ஹார்டென்சியோ போர்ஜியோ என்ற வெனிஸ்காரர் ஒரு மாபெரும் கல்லை இப்படித்தான் தேய்தேய் என்று தேய்த்தார். எடை போனதைப் பார்த்த பாதுஷாவுக்கு வந்ததே கோபம்! கூலி கொடுக்கவில்லை. 10,000 ரூபாய் அபராதம் போட்டார். அவனிடம் அதற்கு மேல் இருந்திருந்தால் அதையும் பிடுங்கியிருப்பார் என்கிறார் பிரெஞ்சு வைர வியாபாரி தாவெர்னியே. நம் ராஜாக்களுக்குக் கல் கனமாக இருக்க வேண்டும். ஐரோப்பியனுக்கு மினுக்க வேண்டும். பிட்டுக்கு இந்த ரசனைப் போரெல்லாம் அக்கறையில்லை. செதுக்கி விழுந்த துண்டுகளையும் விட்டுவைக்காமல் காசாக்கிவிட்டார்.

அதற்குள் ஊர் வாய் திறந்துவிட்டது. சுரங்கத்து அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்து, காயத்துக்குள் கல்லை வைத்துக் கட்டுப்போட்டுத் தப்பினானாம். ஒரு கப்பல் கேப்டன் அவனைக் கொன்று கடலில் தள்ளிக் கல்லைப் பிடுங்கினானாம். அதுதான் கை மாறி பிட்டிடம் வந்ததாம். பிட்டே திருடினார் என்றும் ஒரு கட்சி. பிற்காலத்தில் அலெக்சாண்டர் போப் என்ற மகாகவிகூட கவிதையில் ஜாடையாகக் குத்தினார். ஊர்ப் பேச்சில் நொந்துபோன பிட், 1710-லேயே நார்வேயின் பெர்கன் நகரில் உட்கார்ந்து, 'நேர்மையாகத்தான் வாங்கினேன்' என்று கடவுள் சாட்சியாக ஒரு வாக்குமூலம் எழுதினார். மேலே நீங்கள் படித்த பேரம் முழுக்க அதில்தான் இருக்கிறது. தன் மானத்தைக் காப்பாற்ற உட்கார்ந்த மனிதர், 500 வராகனுக்கு அல்லாடியதைக்கூட விடாமல் பதிந்து வைத்துவிட்டார்.

சரி, யாரிடம் விற்பது? 140 காரட்டை வாங்க ராஜாக்களால்தான் முடியும். ராஜாக்களோ ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்தார்கள். பிரான்ஸிலோ கஜானாவை வழித்துத் துடைத்துவிட்டு 14-ம் லூயி காலமாகியிருந்தார். புது ராஜா சின்னப் பையன். அவன் சார்பில் ஆண்டவர் ரீஜன்ட், ஆர்லியான்ஸ் கோமகன் பிலிப். காசில்லாத வீட்டில் வைரமா என்று அவரும் தயங்கினார். பிரான்ஸின் கௌரவத்துக்கு விலை பார்க்கலாமா என்று ஏற்றிவிட ஆட்கள் இருந்தார்கள். எப்போதும் இருப்பார்கள். 1717-ல் 1,35,000 பவுனுக்கு முடிந்தது. மதராஸில் பிட் கொடுத்தது சுமார் 20,000 பவுன். அந்தப் பணத்தில் தலையெடுத்த குடும்பத்திலிருந்து, ஒரு பேரனும் ஒரு கொள்ளுப்பேரனும் இங்கிலாந்தின் பிரதமர்கள்!

பிறகு 15-ம் லூயி முடிசூட்டு விழாவில் அதை அணிந்தான். 1792-ல் புரட்சிக் கூச்சலில் திருடுபோய், மறு வருஷம் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. அரசாங்கம் அதை அடகு வைத்தது. நெப்போலியன் மீட்டுத் தன் வாளில் பதித்துக்கொண்டார். வெட்டப்போகிற வாளுக்கு வைரம் எதற்கு என்று அவரிடம் யார் கேட்பது?

இப்போது அது பிரெஞ்சு அரசின் சொத்து. 2025 அக்டோபரில் லூவர் மியூசியத்தில் கொள்ளையர்கள் பட்டப்பகலில் புகுந்து ராஜ நகைகளை அள்ளினார்களே, அதே மண்டபத்தில்தான் இதுவும் இருந்தது. இதைத் தொடவில்லை.

அதன் பெயரை மட்டும் கேளுங்கள். மண்ணிலிருந்து தோண்டியவன் பெயர் இல்லை. கதவு வரை போய்ப் போய்த் திரும்பிய ஜாம்சந்த் பெயர் இல்லை. பதினைந்து வருஷம் கட்டிக் காத்த பிட் பெயரும் இல்லை. ரீஜன்ட் வைரம்! 40,000 பவுன் ரொக்கம் கொடுத்து மீதிக்குத் தவணை சொன்னவரின் பெயர். அந்தப் பாக்கி முழுசாக வந்து சேரவில்லை என்பது பிட் வாரிசுகளின் புகார்.